அனுபவம் கேட்ட படிவம்

லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில், ரோல்ஸ் கடை வரிசையில் எனக்கு முன்னால் இருவர் நின்றார்கள். நாற்பது வயது மதிக்கத்தக்கவர், தன்னிலும் மூத்த மற்றவரிடம் சொன்னார்:

"அண்ணை, நான் தோட்டாவுக்குக் கேப் செய்யிற கொம்பனி தொடங்கப் போறன்."

"விசரே உனக்கு? மெதுவாக் கதை."

"தோட்டாவின்ர அடியில இருக்கிற சின்னப் பித்தளை மூடி அண்ணை. துவக்கின்ர ஊசி குத்த, அதுக்குள்ள இருக்கிற மருந்துதான் முதல்ல பத்தும். இப்ப எங்கையும் தட்டுப்பாடு."

"அப்ப ஏன் எல்லாரும் தொடங்கேல்லை?"

"மெசினுக்கு வருசக்கணக்காக் காத்திருக்க வேணும். மருந்து பெரிய கொம்பனியளுக்குத்தான் குடுக்கினம். வீடுகளுக்குத் தூரமாக் காணியும் வேணும். அதையும் சமாளிப்பன். ஆனா லைசென்சுக்குப் பிரெபெக்சர் கந்தோரில தந்த படிவத்தில வெடிமருந்து அனுபவம் கேட்டிருக்கினம்."

பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அகதிக் கேசுக்கு என்ன எழுதிக் குடுத்தனி?"

"தோட்டாவைத் தொட்டதே இல்லையெண்டு. நீங்கள்தானே அண்ணை எழுதித் தந்தனீங்கள்!"

"உண்மையைத்தானே எழுதினனான்?"

"உண்மைதான். அதுதான் இப்ப பிரச்சினை."

"அப்ப மருந்தை விடு. வெறும் மூடியை அடிச்சு, மருந்து வைக்கிற கொம்பனிக்குக் குடு. பித்தளையில அனுபவம் இருக்கோ?"

"ஒபர்வில்லியே பட்டறையில பதினெட்டு வருசம் அதைத்தானே அடிக்கிறன்!"

"பிறகென்ன? அதை எழுது."

சுடச்சுட ரோல்ஸ் வந்தது. இளையவர் அதைத் தொடவில்லை. சட்டைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து, பேனையோடு நீட்டினார்.

"நீங்களே எழுதுங்கோ அண்ணை. உங்கட கையெழுத்துக்குத்தான் இஞ்சை விசா கிடைச்சது."