மர்ளியா சரீப் எடுத்துவைத்த கடைசிக் காட்சி

இக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஹாசிம் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பள்ளிவாசல் நிர்வாகிகளே, எத்தாளையிலிருந்தும் பள்ளிவாசல்துறையிலிருந்தும் தொழிலை விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மாரே, சகோதரிகளே, முன்வரிசைக் கதிரையில் தலைகுனிந்து இருக்கும் மர்ளியாவின் தந்தை சரீப் அவர்களே! அனைவருக்கும் என் வணக்கமும் ஸலாமும்.

என் பெயர் நிக்கொலஸ். புத்தளத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ வைத்திருப்பவன். மர்ளியாவின் கமராக்காரன். எனக்கு மேடையில் பேச வராது என்றுதான் தலைவரிடம் சொன்னேன். என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

என் பின்னால் தொங்கும் பதாகையைப் பாருங்கள். ‘இயக்குநர் மர்ளியா சரீப்’ என்று எழுதியிருக்கிறார்கள். நேற்றைய பத்திரிகையில் ‘தயாரிப்பாளர்’ என்று போட்டிருந்தது. தலைவர் தமது உரையில் ‘எழுத்தாளர்’ என்றார். எது சரி? மூன்றும் சரி! மூன்று பேரும் ஒரே ஆளாக இருந்தார்கள். ஆனால் மூன்று பேருக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை, சபையோரே! உப்பளத்தில் மழை பெய்கிறது என்று எழுத்தாளர் மர்ளியா எழுதுவார். நிஜ மழைதான் வேண்டும் என்று இயக்குநர் மர்ளியா அடம்பிடிப்பார். மழைக்காக எத்தனை நாள் இத்தனை பேருக்கும் சோறு போடுவது என்று தயாரிப்பாளர் மர்ளியா கேட்பார். கடைசியில் ஒரே ஆள் என் முன்னால் வந்து நின்று, “அண்ணே, மழைய வெட்டிட்டன்” என்பார்.

மன்னார் எருக்கலம்பிட்டியில் பிறந்தவர் அவர். வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய தொண்ணூறாம் ஆண்டு, எட்டு வயதுப் பிள்ளையாக, உம்மாவின் மடியில் படகில் வந்து கற்பிட்டியில் இறங்கியவர். யுத்தம் முடிந்த மறுவருடம் என் ஸ்டூடியோவுக்கு வந்தார். வேலை கேட்டு வரவில்லை, எனக்கு வேலை சொல்ல வந்தார்!

“அண்ணே, முஸ்லிம் கல்யாணத்துல பொம்பளப் பக்கம் எடுக்க உங்களுக்கு ஆளில்ல. நான் எடுக்கிறன். ஆனா எடுத்தத நானேதான் வெட்டுவன்.”

“வெட்டத் தெரியுமா, தங்கச்சி?”

“தெரியாது. நீங்க காட்டித் தாங்க.”

அவருடைய முதல் கல்யாண வீடியோவை நான் மறக்கவே முடியாது. வந்தவர்கள் சாப்பிடுவதை எல்லாம் தூக்கிவிட்டார். அதற்குப் பதிலாக, மகளை அனுப்பிய பிறகு சமையலறைக்குள் தனியே போய், கழுவிய சட்டியையே திரும்பத் திரும்பக் கழுவும் ஒரு தாயை வைத்திருந்தார். மணமகளின் மாமா ஸ்டூடியோவுக்குள் புகுந்து, “நான் புரியாணி சாப்பிட்டது எங்க?” என்று சத்தம் போட்டார். ஒரு மாதம் கழித்து அதே மாமா வந்தார். தம் மகளின் கல்யாணத்துக்கு நாள் வைத்தாயிற்று, அந்தப் பிள்ளைதான் எடுக்க வேண்டும் என்றார். இதை எப்படி விளங்கிக்கொள்வது? எனக்கு விளங்கவில்லை. மர்ளியா மட்டும் சிரித்தார்.

பிறகு ஒரு தொலைக்காட்சிக்கு, பெருநாளுக்காக அரைமணி நேர நாடகம் எழுதினார். கொழும்புக்கு அவரோடு நானும் போயிருந்தேன். அங்கிருந்த அதிகாரி பிரதியைப் புரட்டிவிட்டு, “இந்தப் புத்தளத்துப் பேச்சு யாருக்கும் விளங்காது, நல்ல தமிழில் மாற்றி எழுதுங்கள்” என்றார். மர்ளியா பணிவாக, “ஓம் சேர்” என்றார். திரும்பும் பஸ்ஸில் நான் கேட்டேன்: “மாத்தப் போறியா, தங்கச்சி?” “இல்லண்ணே.” “அப்ப ஏன் ஓம் எண்டு சொன்ன?” “அவருக்கு வேலை இரிக்கி. நமக்கும் வேலை இரிக்கி.”

மாற்றவே இல்லை! பெருநாளுக்கு முந்திய நாள் நாடகத்தைக் கையில் கொடுத்தார். வேறு நாடகம் இல்லாததால் அதையே போட்டார்கள். அன்றைக்கு இந்த ஊரில் தெருவில் ஆள் இருந்ததா? சொல்லுங்கள்! நம்முடைய வீட்டில் கதைப்பது போலவே தொலைக்காட்சியில் கதைக்கிறார்களே என்று நீங்கள் எல்லோரும் வாயில் கை வைத்தீர்களா, இல்லையா?

அந்த நாடகத்துக்குப் பிறகுதான் முழுநீளப் படம் எடுக்கத் துணிந்தார். யாரும் காசு தரவில்லை. கல்யாணம் கல்யாணமாக எடுத்துச் சேர்த்தார். கதை என்னவென்று கேட்டவர்களுக்கு ஆளுக்கு ஒன்று சொன்னார். உச்சமுனைத் தீவுக்குக் கமராவோடு போக அனுமதி கேட்டபோது, கடற்படை அதிகாரியிடம் சிங்களத்தில் அது ஒரு காதல் கதை என்றார். படகுக்காரர் லத்தீப் நானாவிடம், “உங்கட படகப் பத்தின படம் நானா” என்றார். தந்தையிடம், “நம்மட பழைய வீட்டப் பத்தினது வாப்பா” என்றார். மூன்றையும் பக்கத்தில் நின்று கேட்டவன் நான். ஒன்றும் பொய்யில்லை. யுத்தம் முடிந்ததும் ஊர் திரும்புவதா, இருபது வருடம் வாழ்ந்த இந்தக் கரையிலேயே இருப்பதா என்று தாயும் மகளும் படும் பாடுதான் அந்தப் படம். மகளாக நடித்தவர் றிப்னா. அதோ, தாய்மார் பக்கம் மூலையில் இருக்கிறார்.

கடைசிக் காட்சியை உச்சமுனையில் எடுத்தோம். மகள் படகில் எழுந்து நிற்கிறாள், காற்று அடிக்கிறது, அவ்வளவுதான். படகு ஆடியது. றிப்னா பயத்தில் கத்தினார்:

“தாத்தா, நான் இப்ப போறனா, வாறனா? அதச் சொல்லுங்களேன், மூஞ்ச அதுக்கேத்த மாதிரி வெக்கலாம்!”

எங்கள் பக்கம் தாத்தா என்றால் மூத்த சகோதரி என்பது உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மர்ளியா கரையில் முழங்கால் தண்ணீரில் நின்றபடி சொன்னார்:

“எனக்கும் தெரியாதுடி! நீ நில்லு!”

லத்தீப் நானா என்னைப் பார்த்தார். நான் கமராவுக்குள் பார்த்தேன். எழுதியவருக்கே தெரியாதா? அப்படியானால் யாருக்குத் தெரியும்? ஆனால் அந்தப் பிள்ளையின் முகம்! சபையோரே, என் வாழ்நாளில் அப்படியொரு முகத்தை நான் எடுத்ததில்லை.

அடுத்த கிழமை மர்ளியாவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். இந்த வருடம் எத்தனை வீட்டில் அது புகுந்தது என்பது உங்களுக்குத் தெரியும். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது எழுந்து உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறியிருந்தாலும் பேச்சு குறையவில்லை. நான் புறப்படும்போது சொன்னார்:

“அண்ணே, அந்தக் கடைசிக் காட்சிய வெட்டிருங்க.”

“ஓம் தங்கச்சி” என்றேன். வந்துவிட்டேன். அடுத்த நாள் அவர் இல்லை.

முப்பத்தைந்து வயது! என்ன நியாயம் இது? யாரிடம் கேட்பது?

இப்போது நான் எங்கே தடுமாறி நிற்கிறேன் என்று சொல்கிறேன். எங்கள் தொழிலில் ‘வெட்டு’ என்றால் எடுத்ததை அளவாக நறுக்கி ஒட்டிப் படமாக்கு என்றும் பொருள், தூக்கி எறி என்றும் பொருள். கல்யாணத்தை வெட்டினார் என்றால் ஆக்கினார். மழையை வெட்டினார் என்றால் இல்லாமல் செய்தார். அந்த முகத்தை என்ன செய்யச் சொன்னார்? வைக்கச் சொன்னாரா, எறியச் சொன்னாரா? நாளைக்கு வந்துவிடுவார், வந்து பக்கத்தில் இருந்து வெட்டுவார் என்ற எண்ணத்தில் யார்தான் அதை விசாரிப்பார்கள்?

காட்சியை வைத்துப் பார்த்தேன். படம் ஒரு கேள்வியோடு நிற்கிறது. அதைத் தூக்கிவிட்டுப் பார்த்தேன். தாய் வாசலைப் பெருக்குவதோடு முடிகிறது, இங்கேயே இருந்துவிட்டார்கள் என்று ஆகிறது. இரண்டும் மர்ளியாதான்! இரண்டிலும் அவர் குரல் கேட்கிறது!

சரீப் அவர்களிடம் போனேன். மன்னாரில் உள்ள பழைய வீட்டு வளவை இன்னும் கைவிடாதவர் அவர். படத்தின் முடிவு என்னவென்று மகள் உங்களிடம் ஏதும் சொன்னாரா என்று கேட்டேன். அவர் சொன்னார்:

“அவ ஒருநாளும் என்னட்டக் கேட்டு ஒண்டும் செய்யல்ல, மகன். நீங்க ஏன் கேக்குறீங்க?”

அது கோபமா, பெருமையா, எனக்குத் தந்த அனுமதியா? இன்றைக்கு வரை பிடிபடவில்லை. ஆனால் அவர் உள்ளே போய், மகளின் கமராவைத் துணியால் சுற்றி எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

அன்புக்குரியவர்களே! எனக்கு விடை கிடைக்கவில்லை. இந்த மேடையில் விடை இருப்பதுபோல் நடிக்கவும் மாட்டேன். ஆனால் படத்தை முடிப்போம். இது வாக்கு! அந்தக் காட்சியை நான் வைக்கிறேன். அது பிழையென்றால் பிழை என்னுடையது, மர்ளியாவினுடையது அல்ல. படம் ஓடும் இடத்திலெல்லாம் இதைச் சொல்வேன். படத்தின் நடுவில் வரும், இன்னும் எடுக்காத காட்சிகள் பள்ளிவாசல்துறைக் கரையில் இருக்கின்றன. அவற்றை எடுப்போம். அடுத்த கல்யாணத்தில் கமராவோடு வரும் எந்தப் பெண் பிள்ளைக்கும், வெட்டத் தெரியாது என்று சொன்னாலும், என் ஸ்டூடியோவின் கதவு திறந்திருக்கும். வெள்ளிக்கிழமை உங்கள் துஆவில் அவரை நினையுங்கள், ஞாயிற்றுக்கிழமை என் செபத்தில் நான் நினைப்பேன்.

கடைசியாக ஒன்று. மீதிக் காட்சிகளை யார் இயக்குவது? இன்று காலை றிப்னாவிடம் கேட்டேன். நடிகை, இயக்கிப் பழக்கமில்லை. நீண்ட நேரம் அழுதார். மாட்டேன் என்றார். வேறு ஆளைப் பாருங்கள் என்றார். நான் எழுந்து வாசல் வரை வந்துவிட்டேன். பின்னால் கூப்பிட்டார்:

“எனக்கு ஒண்டுமே விளங்கல்ல அண்ணே. நாளக்கி விடிய எத்தன மணிக்கு வரணும்?”