நான்காவது பாத்தி

கத்திரிக்கும் கத்திரிக்கும் நடுவில் இரண்டடி விட வேண்டும். நர்சரிக்காரர் ஒன்றரை அடி போதும் என்பார், நம்பாதீர்கள். வெண்டைக்கு ஓரடி, முள்ளங்கிக்கு நாலு விரற்கடை. புடலைப் பந்தல் வடக்கு ஓரத்தில்தான் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மற்ற செடிக்கு வெயில் கிடைக்காது. இதைக் கேட்க நீங்கள் என்னை உட்கார வைக்கவில்லை, தெரியும் சார். ஆனாலும் இங்கே ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

திருப்போரூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக நாலு பாத்தி. தரை மண் உப்பு பூத்தது, எதுவும் வராது. அதனால் ஹாலோபிளாக் கல்லை இடுப்புயரத்துக்கு அடுக்கி, உள்ளே செம்மண்ணும் தேங்காய் நார்த்தூளும் கொட்டினேன். ஒவ்வொன்றும் நாலடிக்கு நாலடி. கட்டம் போட்ட தாளில் வரைந்து, கயிறு கட்டி, டேப் பிடித்து நட்டேன். சிறுசேரியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறேன். பஸ்ஸில் போக வர அடுத்தவன் அக்குளில்தான் என் முகம். வேலையிடத்தில் கூரை வரை அட்டைப்பெட்டி. வீட்டில் இரண்டே அறை. மூச்சு விட எனக்கென்று இருந்தது அந்த நாலு பாத்திதான். அங்கேயும் உட்கார்ந்து ரசித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஒரே நாளில் மூன்று முறை அளப்பேன். கால் ஓரிடத்தில் நிற்காது.

அண்ணன் அருணகிரி மூன்று வருடத்துக்கு முன் வந்தார். லாரி ஓட்டி என்னைப் படிக்க வைத்தவர். சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய்விட்டது. கல்யாணம் ஆகாத மனிதர், எங்கே போவார்? என் மனைவி சுஜாதாதான் போய் அழைத்து வந்தாள். ஹாலில் கட்டில் போட்டோம். நல்ல மனிதர். அதை மறக்காமல் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நாளில் பின்பக்கம் வரப் பழகினார். கல் விளிம்பைத் தடவிக்கொண்டே நடப்பார். நான்காவது பாத்தி முடிந்ததும் வலது பக்கம் திரும்பி எண்ணி மூன்று எட்டு வைத்தால் தண்ணீர்த் தொட்டி. அதில் மொண்டு எல்லாச் செடிக்கும் ஊற்றுவார். பாத்தி வரிசை போகும் திசையிலேயே, தொட்டியைத் தாண்டி மூன்றடியில் பழைய உறைகிணறு, தரையோடு தரையாக இருக்கும், மேலே தகரம் மூடியிருப்போம். அண்ணன் ஒரு நாளும் அந்தப் பக்கம் தடுமாறியதில்லை.

தண்ணீர் ஊற்றுவதோடு விட்டிருக்கலாம். விரலால் மண்ணைத் துழாவி, எங்கே காலியோ அங்கெல்லாம் விதையைத் தூவிவிடுவார். கத்திரிக்கு நடுவில் தண்டுக்கீரை, வெண்டைக்கு நடுவில் கொத்தமல்லி.

"அண்ணாத்த, அந்த எடம் செடிக்கு வேணும்னுதான் வுட்டு வச்சிகீறேன்" என்றேன்.

"காலியா கீதேடா ஜெகா. மண்ணு சும்மா கெடந்தா இன்னாத்துக்கு ஆவும்?" என்று சிரித்தார்.

நான் பிடுங்குவேன், அவர் மறுபடி தூவுவார். கொடுமை என்னவென்றால் அத்தனையும் நன்றாக வந்தது. எதிர்வீட்டுப் பூவாயி அக்கா கை நிறையக் கீரை வாங்கிக்கொண்டு, "ஒங்க அண்ணனுக்குக் கைராசிப்பா" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. பஸ்ஸில் நெருக்கிக்கொண்டு நிற்கும்போதெல்லாம், நான் விட்ட இடைவெளி ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருவதுதான் மனதில் ஓடும். இறங்கி ஓடிப் போய் அளக்க வேண்டும் போலிருக்கும்.

போன மாதம் சுஜாதா சொன்னாள், "மாமாவுக்கு அதான் பொழுதுபோக்கு. நாலு பாத்தியையும் அவராண்டயே வுட்டுடுய்யா. நீ சும்மா அளந்துகினுதான கீற."

சரி என்றேன். அன்றைக்கே கட்டத் தாளை எடுத்தேன்.

மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் இன்னும் மூன்றடி கொடுத்தால் காற்று ஓடும், பூச்சி குறையும். தவறான யோசனை இல்லை, எந்த வேளாண்மை அதிகாரியை வேண்டுமானாலும் கேளுங்கள். சனிக்கிழமை சுஜாதா அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். நான் லீவு போட்டு, நான்காவது பாத்தியைப் பிரித்து மூன்றடி தள்ளி அடுக்கினேன். சாயங்காலம் அவள் பார்த்துவிட்டு, "மாமாவாண்ட சொல்லிட்டியா?" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன்.

மோட்டார் பைப்பில் அடைப்பு, அதனால்தான் கிணற்றுத் தகரத்தை எடுத்தேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அடைப்பு எதுவும் இல்லை. அதை அடித்துவிடுங்கள்.

ஞாயிறு காலை சுஜாதா கடைக்குப் போயிருந்தாள். அவர் வாளியோடு வந்தார். மூன்றாவது பாத்தி முடிந்ததும் கை வெறும் காற்றைத் துழாவியது. அப்படியே நின்றுவிட்டார். வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தால் நானும் பேசாமல் தகரத்தை மூடியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

"ஜெகா, இங்கதான் நிக்கிறியா? பாத்தி நவுந்த மாரி கீதேடா."

அண்ணனைப் பார்த்து வெளியே போ என்று சொல்லும் அளவுக்கு நான் நன்றி கெட்டவன் இல்லை சார். மூன்று வருடத்தில் ஒரு முறை முகம் சுளித்ததில்லை. அன்றைக்கும் மரியாதையாகத்தான் பேசினேன்.

"ஒண்ணும் நவுரல அண்ணாத்த. கொஞ்சம் முன்னால வா, கல்லு கைக்கு வரும். அப்பால எப்பவும் போல எண்ணிக்கினே போ" என்றேன்.