மிச்சம் எங்கே

ராத்திரி ரெண்டே கால். குவாரிக்குப் போற ரோடு. ஒரு விளக்கு கிடையாது... ஒரு மனுஷன் ஸ்கூட்டர்ல போறாரு. காலுக்கு நடுவுல பிஸ்கட் டப்பா. உள்ள வெறும் தூசி.

யாருன்னா, என்கூட வேலை பாக்கிறவனோட அத்தான். கல் அறுக்கிறது தொழில். சிரிக்காதடா, அப்புறம் தண்ணி குடிக்கக்கூட நீ தனியா எழுந்து போக மாட்ட.

பத்து நாள் முன்னாடி ஒருத்தர் அவர்கிட்ட விண்கல் ஒண்ணு கொண்டு வந்தாரு. கைக்கு அடங்குற அளவு, கன்னங்கரேல்னு. அத்தான் வீட்டு ஹால்ல, சுவத்து ஆணியில, நூல்ல ஒரு காந்தம் தொங்கும். அசல் கல்லுன்னா அது பக்கம் சாயும். இதுக்கு நல்லாவே சாஞ்சுது. ரொம்ப அபூர்வ ரகமாம். கல்லு சேர்க்கிற பைத்தியங்க இதுல ஒரு துண்டுக்கு உயிரையே விடுவாங்களாம்.

தண்ணி பட்டா உதிர்ந்துடும். அதனால தண்ணி விடாமலே அறுத்தாரு, பின்ரூம்ல, விடிய விடிய. கர்ர்ர்... கர்ர்ர்... ஈரத் தார் மாதிரி ஒரு வாசனை. ஏழு துண்டு. தான் மட்டும் மாஸ்க் போட்டுக்கிட்ட மகராசன், கதவைச் சாத்தல. காலைல பாத்தா அவரோட அஞ்சு வயசுப் பொண்ணு நிலைப்படியிலயே தூங்குது... மூக்கெல்லாம் கறுப்பு. அவர் பொண்டாட்டி அவரை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டா.

துண்டு ஏழும் ஏழு ஊருக்கு வித்துப் போச்சு. அப்புறம் தினம் ராத்திரி ஒரு ஃபோன். வாங்கினவங்கதான், ஒவ்வொரு நாளும் வேற ஆளு. ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. கேள்வி மட்டும் ஒண்ணு.

"மிச்சம் எங்கே?"

"அறுக்கிறப்ப தூசியாப் போச்சுங்க..."

டக்னு கட்.

ஏழாவது ஆளும் கேட்டதும் பெருக்கி வச்ச தூசியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாரு. குவாரித் தண்ணில டப்பாவோட வீசினாரு. டுபுக்... அவ்வளவுதான், தொலைஞ்சுதுன்னு நிம்மதியா வீட்டுக்கு வந்தாரு.

கதவைத் திறந்தா அதே தார் வாசனை. ஃபோன் அடிக்குது.

"மிச்சத்தை இனிமே தேட வேணாம். கிடைச்சிடுச்சு."

திரும்பினாரு. காந்தம் சாஞ்சு நிக்குது... பொண்ணு படுத்திருந்த பாய் பக்கமா.

பாவம் மனுஷன். அவளை அப்படியே வாரிக்கிட்டு மாடிக்கு ஓடி, விடியிற வரைக்கும் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தாரு. அவ மூச்சு சீராத்தான் வந்துது.

வெளிச்சம் வந்ததும் அவளை அங்கயே தூங்க விட்டுட்டுக் கீழ இறங்கினாரு.

நூல் தொங்கல. ஆணியிலேர்ந்து விறைப்பா... நேரா மேல, மாடியைப் பாத்து நின்னுது.