நாற்பத்தொன்றாம் படுக்கை

மணலில் வண்டி ஓட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சக்கரங்களில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு, முதல் கியரில் நிதானமாகப் போனால் எந்த வண்டியும் போகும். அவசரப்பட்டு அழுத்தினால்தான் புதையும். கட்டுமாவடியிலிருந்து தெற்கே கோட்டைப்பட்டினம் வரை கடலோரமாகவே நான் வேனை ஓட்டிக்கொண்டு போனதை ஊரில் பலர் நம்பவில்லை. நான் போனேன். என் மனைவி செபமாலையும் கூட இருந்தாள். இரண்டு மாதமும் ஏழு நாளும் அந்த வண்டிதான் எங்களுக்கு வீடு.

சூப்பரின்டென்ட் அய்யா அவர்களுக்கு இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நீங்கள் அனுப்பிய கடிதத்தில் ஒரு கேள்வி இருந்தது. உங்கள் காசநோய் ஆஸ்பத்திரியில் மார்ச் நான்காம் தேதி நாற்பத்தொன்றாம் படுக்கை ஒதுக்கப்பட்டும் நோயாளி வந்து சேராததற்குக் காரணம் என்ன என்று கேட்டிருந்தீர்கள். கேட்டதற்குப் பதில் எழுதுவதுதான் முறை. தாமதமாகிவிட்டது. அவள் இறந்து நாற்பது நாள் ஆகிறது.

என் பெயர் சவரியப்பன். ஊர் கீரமங்கலம். வயது நாற்பத்தாறு. தேங்காயும் கருவாடும் ஏற்றிப் பிழைக்கிறவன். என் வேன், சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் காயம்பட்டவர்களை ஏற்றிய வண்டி. சண்டை முடிந்து திருச்சியில் ஏலம் விட்டபோது எடுத்தேன். மேலே பச்சை பெயின்ட் அடித்த பிறகும் பக்கத்துத் தகட்டில் இருந்த சிவப்புச் சிலுவை உச்சி வெயிலில் மங்கலாகத் தெரியும். "நம்ம வண்டி ஞானஸ்நானம் வாங்குன வண்டி" என்று செபமாலை சொல்வாள்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். அவள் என்னைவிடப் பதினேழு வயது இளையவள். எட்டாவது வரை படித்தவள். மளிகை கட்டி வந்த தாளைக்கூட நீவி வைத்து வாசித்துவிட்டுத்தான் அடுப்பில் போடுவாள். குழந்தை இல்லை. அவள் என்னை வெறுத்ததில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். நான் வீட்டில் இருப்பது அவள் கண்ணில் பட்டதில்லை, அவ்வளவுதான். சோறு போடுவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், பிறகு வாசல் வழியாக எங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள். நானும் பேசுகிறவன் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் நாள் முழுக்கப் பேசாமல் இருக்க முடியும் என்பது பழகியவர்களுக்குத் தெரியும்.

பிறகு அவளுக்கு இருமலில் ரத்தம் வந்தது. டவுன் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். ஒரு பக்க நுரையீரலில்தான் பிடித்திருக்கிறது, இங்கே தரும் மாத்திரை தாக்குப்பிடிக்க மட்டும்தான், உங்கள் ஆஸ்பத்திரியில் ஒன்றரை வருடம் படுத்தால் எழுந்துவிடுவாள் என்றார். அவரே மனு எழுதி அனுப்பினார். இடம் வர நாளாகும் என்றார்.

அந்தக் காத்திருப்பு ஆறு மாதம் நீண்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவளுடைய தம்பி மரியசெல்வம் வாசலில் நின்று பேசிவிட்டுப் போவான். உள்ளே வருகிற ஒரே ஆள் நான்தான். தலை வாரிவிட்டேன். கஞ்சியை ஆற்றி ஊட்டினேன். எச்சில் கிண்ணத்தை நான்தான் சாம்பல் போட்டு எடுத்துப் போவேன். ஒரு நாள் நான் வண்டிக்குக் கிளம்பும்போது, "சீக்கிரம் வந்துருவீங்கள்ல?" என்று கேட்டாள். ஏழு வருடத்தில் அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கல்யாணம் ஆனது அன்றைக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் சந்தனமேரி என்று ஒருத்தி இருந்தாள். உங்களுக்கு அவளைத் தெரிந்திருக்கும். நோயாளியாக உங்களிடம் வந்து, குணமாகி, அங்கேயே ஆயா வேலையில் சேர்ந்துவிட்டவள். அவள் புருஷன் சூசைராஜ் தினமும் டீக்கடையில் தனியாக உட்கார்ந்திருப்பான். யாராவது கேட்டால், "அவ அங்கிட்டே இருக்கட்டும்யா. ஆளு தேறி, பாக்கவே சினிமாக்காரி மாதிரி இருக்கா. இங்கிட்டு வந்து என்னத்தக் காணப்போறா?" என்று சொல்லிச் சிரிப்பான். சிரித்து முடித்ததும் கண்ணாடி கிளாசுக்குள் பார்த்துக்கொண்டே இருப்பான்.

இதைச் செபமாலையிடம் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னேன். படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"நானும் நல்லாயிட்டா அங்கிட்டே ஒரு வேலை கேக்கப்போறேன். எட்டாவது படிச்சிருக்கேன்ல, நர்சே ஆக்கிருவாக."

"அப்ப நானு?"

"நீங்க பாட்டுக்கு வண்டி ஓட்டுங்க. மாசத்துக்கு ஒருக்கா வந்து பாருங்க. வரும்போது பன்னு வாங்கிட்டு வாங்க, வெறுங்கையோட வந்தா உள்ள விடமாட்டேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். ஆனால் பல மாதங்களாக இல்லாத ஒரு வெளிச்சம் அவள் முகத்தில் வந்ததை நான் பார்த்தேன். அது என்னைப் பார்த்து வந்த வெளிச்சம் இல்லை.

உங்கள் முதல் கடிதம் மார்ச் ஆறாம் தேதி வந்தது. தபால்காரர் தெருமுனையிலேயே என்னிடம் கொடுத்துவிட்டார். பத்து நாளைக்குள் அழைத்து வரவும் என்று இருந்தது. இரண்டு தடவை படித்தேன். வண்டியின் சீட்டுக்கு அடியில் ஸ்பானர் வைக்கும் பெட்டியில் வைத்தேன். பிறகு வீட்டுக்குள் போய், இடம் வருகிறவரை கடல்காற்று நல்லது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். வண்டியைக் கழுவி, உட்புறம் சுண்ணாம்பு அடித்து, ஒரு பக்கம் கட்டில் அடித்து, ஜன்னலுக்கு வலை போட்டு, ஸ்டவ் வைக்க ஒரு பலகையும் வைத்தேன். இரண்டு நாள் வேலை. அவள் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாம போன பெறகு கடுதாசி வந்துச்சுன்னா?" என்று கேட்டாள்.

"போஸ்டாபீசுல எழுதிக் குடுத்திருக்கேன். நாம எந்த ஊர்ல இருக்கமோ அந்த ஊருக்கு வந்துரும்."

அவள் நம்பினாள். அவளிடம் அதற்கு முன் நான் பொய் சொன்னதில்லை. அதனால் நம்புவது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

முதல் மாதம் நன்றாக இருந்தது. இதை நீங்கள் நம்ப வேண்டும். எங்கள் பக்கத்துக் கடலுக்கு அலை கிடையாது. காலையில் தண்ணீர் உள்வாங்கினால் சேறும் பாசியுமாகத் தெரியும். மத்தியானம் சத்தமில்லாமல் திரும்ப வந்து நிற்கும். செபமாலை முதல் நாள் பார்த்துவிட்டு, "இதென்னங்க கடல், பெரிய கொளத்துல உப்பக் கரைச்சு விட்ட மாதிரி" என்றாள். கட்டுமாவடியில் பன்னிரண்டு நாள், மணமேல்குடியில் பதினைந்து நாள், அம்மாபட்டினத்தில் ஒரு பதினைந்து நாள். சவுக்குத் தோப்பு எங்கே இருக்கிறதோ அங்கே நிழலில் வண்டியை நிறுத்துவேன். கதவைக் கடல் பக்கம் திறந்து வைப்பேன். மீன் சாறு வைத்துக் கொடுப்பேன். அவள் கடலைப் பார்ப்பாள், நான் அவளைப் பார்ப்பேன். சில நாள் பொழுது சாயும்வரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேச மாட்டோம். அந்த மௌனம் வீட்டில் இருந்த மௌனம் மாதிரி இல்லை என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கு எப்படித் தோன்றியது என்று கேட்கவில்லை.

ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு நான் போஸ்டாபீசுக்குப் போவேன். அவள் அதற்காக எனக்குச் சட்டை எடுத்து வைப்பாள். முதலில் சில நாள் நிஜமாகவே போனேன். ஒரு ஸ்டாம்பு வாங்கிக்கொண்டு வந்தேன். பிறகு ஏதாவது ஒரு மரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். "இன்னிக்கு இல்லம்மா" என்பேன். "நாளைக்கு வரும்ங்க" என்று அவள்தான் எனக்கு ஆறுதல் சொல்வாள்.

ஏப்ரல் நடுவில் மாத்திரை தீர்ந்தது. வாங்க டவுனுக்குப் போனால் டாக்டர் கடிதத்தைப் பற்றிக் கேட்பார். நான் போகவில்லை. கடையில் கிடைத்த ஒரு டானிக்கை வாங்கி, இதுதான் இப்போது நல்லது என்றேன். கோட்டைப்பட்டினம் வந்து சேர்ந்தபோது அவளால் வண்டியிலிருந்து தானாக இறங்க முடியவில்லை. நான் தூக்கி இறக்குவேன். எடை குறைந்துகொண்டே வந்தது. தூக்குவது எனக்கு எளிதாக இருந்தது.

அங்கே இன்னாசியம்மாள் என்று ஒரு மீன்காரி கூடையோடு வருவாள். நோய்க்குப் பயப்படாதவள். கட்டிலுக்கே வந்து உட்கார்ந்துவிடுவாள்.

"ஏய்யா டிரைவரு, ஒரு பொம்பளையத் தகர டப்பாக்குள்ள போட்டு ஊர் ஊரா இழுத்துக்கிட்டுத் திரியிறியே, கோழிக்குஞ்சா விக்கிற?" என்று கேட்டாள். செபமாலை சிரித்து, சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆனது.

"ஆசுபத்திரில எடம் வரணும்க்கா. கடுதாசிக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்" என்று செபமாலை சொன்னாள்.

"வரலேன்னா நீயா எழுதிக் கேளு தாயி. எழுதத் தெரியும்ல ஒனக்கு? எங்களுக்குத்தான் கைநாட்டு."

அதற்கு முன்பே அவள் உங்களுக்கு ஒரு தபால் கார்டு எழுதியிருந்தாள். என்னிடம்தான் கொடுத்திருந்தாள். அது ஸ்பானர் பெட்டியில் இருந்தது. இரண்டாவது கார்டை எனக்குத் தெரியாமல் எழுதி மீன்காரியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். உங்களுக்கு வந்தது அதுதான். அவள் கையெழுத்து அப்போதே கோணலாகியிருக்கும். அதைப் படித்து உடனே பதில் போட்ட உங்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

மே நான்காம் தேதி கோட்டைப்பட்டினம் போஸ்டாபீஸ் வாசலைத் தாண்டி நான் நடந்துகொண்டிருந்தபோது, போஸ்ட்மாஸ்டர் கைதட்டிக் கூப்பிட்டார். "செபமாலைங்கிறது ஒங்க சம்சாரம்தானே? வேன்காரர்னு மேல்விலாசத்துல போட்டிருக்கு" என்று கவரைக் கொடுத்தார். சவுக்குத் தோப்பில் நின்று பிரித்தேன். ஒரு வாரத்துக்குப் படுக்கை காலியாக வைக்கப்படும், உடனே அழைத்து வரவும் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கேள்வியும் அதில்தான் இருந்தது.

நான் யோசிக்காதவன் இல்லை. நாலு சக்கரத்துக்கும் காற்றடிக்க ஒரு மணி நேரம். சாயங்காலத்துக்குள் அறந்தாங்கி ஸ்டேஷன். மறுநாள் உங்கள் வாசல். எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தேன். வெள்ளைச் சேலை கட்டி, தேறிய உடம்போடு, வராந்தாவில் யாரோ ஒரு நோயாளியைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிற செபமாலையையும் நினைத்துப் பார்த்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டிக்கு வந்தேன். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"வந்துச்சாங்க?"

"இல்லம்மா."

அவள் என் சட்டைப் பையைப் பார்த்தாள். வெயிலில் வேர்த்து நனைந்த மல் சட்டை. உள்ளே இருந்த பழுப்புக் கவர் தெரிந்திருக்கும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி விடுங்க" என்றாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. நானும் பத்து மணிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். கடைசிப் பதினொரு நாளும் எங்களுக்குள் எந்தப் பொய்யும் இல்லை.

மே பதினைந்தாம் தேதி காலையில், நான் முகம் துடைத்துவிடும்போதே இறந்தாள். நானே வண்டியை ஓட்டி ஊருக்குக் கொண்டு வந்தேன். கல்லறையில் மரியசெல்வம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "மச்சான், எங்க அக்காவை நீங்க பாத்துக்கிட்ட மாதிரி பெத்தவுக கூடப் பாத்திருக்க மாட்டாக" என்றான். சாமியாரும் பிரசங்கத்தில் அதையே சொன்னார். நான் மறுக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டது உண்மைதானே.

ஆகவே அய்யா, நோயாளி வந்து சேராததற்குக் காரணம் நான். படுக்கை கிடைத்தது அவளுக்குச் சொல்லப்படவில்லை. பிழைத்திருப்பாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். இதைப் போலீசுக்கு அனுப்புவதானால் அனுப்புங்கள். எந்தச் சட்டத்தில் என்னைப் பிடிப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அது அவர்கள் பாடு.

ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. அந்தக் கவர் வந்த மூன்றாம் நாள், விடிந்ததும் கரைக்கு மீன் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது கட்டில் காலி. வண்டிக்கு மேற்கே, தார் ரோட்டுக்குப் போகிற மணல்தடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். நடந்ததும் தவழ்ந்ததுமாக ஐம்பது அடி போயிருக்கிறாள். தலை வாரி, நல்ல சேலை கட்டியிருந்தாள். மடியில் ஒரு துணி மூட்டை. அதில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், மாற்றுச் சேலை. நான் எதுவும் கேட்காமல் தூக்கிக்கொண்டு வந்து படுக்க வைத்தேன். தூக்கி வரும்போது என் தோளில் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டாள். அதை நான் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். கடல் பக்கம் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனாலும் என்னைத் தேடித்தான் அவள் ரோட்டுப் பக்கம் போயிருக்க வேண்டும்.