இடப்பக்கம் சுற்றாத திடல்

மழையும் வெயிலும் அளந்து தந்து மலைமக்களைக் காக்கும் மாரியம்மன் திருமுன் கூடியிருக்கும் இந்த விழாவுக்குத் தலைமை தாங்கும் கோயில் கமிட்டித் தலைவர் ரெங்கசாமி ஐயா அவர்களே! பண்டாரவளையிலிருந்து வந்து, மேடை ஓரத்தில் கூச்சத்தோடு அமர்ந்திருக்கும் குதிரைக்காரர் ஸனூஸ் நானா அவர்களே! கொழுந்தெடுத்துக் களைத்த கையோடு புல்லுக்கட்டும் சுமந்து வந்து என் செவலைக் குதிரைக்குத் தீனி போட்ட தாய்மார்களே! பெரியோர்களே! பின்னால் நின்று விசிலடிக்கும் தம்பிமார்களே! அனைவருக்கும் விஜயலெட்சுமியின் பணிவான வணக்கம்.

பொன்னாடை போர்த்தினீர்கள். "மடுல்சீமைக்குப் பெருமை தேடித் தந்தவள்" என்று ஒலிபெருக்கி முழங்கியது. எந்தப் பெருமை ஐயா? தோற்று வந்தவளுக்கு ஏன் துண்டு? குதிரையைப் பறிகொடுத்து வந்தவளுக்கு ஏன் மாலை? என்னக்கா பெரியாயி அக்கா, "போனது போகட்டும் விடு புள்ள"ன்னா சொல்றீங்க? விட முடியலையேக்கா! மனசு கெடந்து அடிச்சுக்குதே!

நுவரெலியாவில் குதிரை பழக்கக் கற்று ஊர் திரும்பிய என்னை நம்பி, அந்த இளங்குதிரையை ஒப்படைத்தவர் ஸனூஸ் நானா. "டிரெஸாஜ் போட்டியில ஒழுங்கா ஓட்டிக் காட்டுங்க தங்கச்சி, குதிரை ஒங்ககிட்டயே நிக்கட்டும். தவறிச்சுன்னா வித்துருவேன், எனக்குக் கட்டுபடியாகாது" என்றார். நேர்மையான பேச்சு. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

டிரெஸாஜ் வேகப் பந்தயமன்று. சொன்ன இடத்தில் சொன்ன நடையைக் குதிரை அழகாக நடந்து காட்டும் போட்டி. அதிலே கேண்டர் என்றொரு பாய்ச்சல் நடை உண்டு. வலப்பக்கம் வளைந்தால் வலது முன்னங்கால் முந்த வேண்டும்; இடப்பக்கம் வளைந்தால் இடது முன்னங்கால் முந்த வேண்டும். கால் மாறினால் குதிரை தடுமாறும். குதிரைக்கு அது தானாக வராது. இரண்டு பக்கமும் சுற்றிச் சுற்றிப் பழக்க வேண்டும்.

எங்கே பழக்குவது? சரிவிலா? படிக்கட்டிலா? லயத்து வீட்டு வாசலிலா? இந்தத் தேயிலைத் தோட்டத்தில் சமதரை என்று இருப்பது அம்மன் கோயிலைச் சுற்றிய இந்த ஒரே திடல். மனமுவந்து தந்தீர்கள், மறுக்க மாட்டேன். வலமாகச் சுற்றினேன், கும்பிட்டீர்கள். இடமாகத் திருப்பினேன், கூட்டமே கூடிவிட்டது! "அம்மன இடம் சுத்துறதா? அது எழவுக்குச் சுத்துற சுத்துல்ல!" என்றார் தலைவர் ஐயா. கெஞ்சினேன். கையெடுத்துக் கும்பிட்டேன். ஒருவரும் இறங்கி வரவில்லை.

வலது கால் பழகிய குதிரை போட்டிக்குப் போனது. வலது வட்டம் வந்தது. ஆகா, என்ன அழகு! இடது வட்டம் வந்தது. என் வலது காலைப் பின்தள்ளி அதன் வயிற்றோரம் அழுத்தி, இடது காலை நீட்டச் சொல்லிக் கேட்டேன். பாவம், அது தனக்குத் தெரிந்த வலது காலையே நீட்டியது. திரும்பக் கேட்டேன், திரும்பவும் அதே கால். அது செய்த குற்றம் என்ன? நாம் கற்றுக்கொடுக்காததை அது எங்கே போய்க் கற்கும்?

சிரிக்காதீங்க தம்பி, சிரிக்கிற கதையில்ல இது. மிச்சத்தையும் கேளுங்க.

தோற்றதும் நானா சொன்னபடியே குதிரையை விற்றார்; ஏற்றிப்போக லொறி வந்தது. அப்போது தலைவர் ஐயா என்ன சொன்னார்? "போகப் போறதுதானே புள்ள, ஆசதீர ஒருக்கா இடமா சுத்திக்க." எழவுக்குச் சுற்றுகிற சுற்று! பிரிவுக்கு மட்டும் கிடைத்த அனுமதி! ஏறி உட்கார்ந்தேன், இடமாகத் திருப்பினேன், கேட்டேன். முதலில் தடுமாறியது. திரும்பக் கேட்டேன். நீட்டியதே, இடது காலை! கோயிலை ஒரு முழுச்சுற்று, ஒரு பிசகில்லாமல் சுற்றி வந்ததே! நீங்கள் எல்லோரும் பார்த்தீர்களே! கைகூடத் தட்டினீர்களே! கைதட்டல் ஓயுமுன் லொறிக் கதவைச் சாத்தினார்கள். இன்று அது ஏதோ ஒரு ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர் போட்டோ எடுக்க நிற்கிறது.

அம்மன் கோபித்தாளா? மழை நின்றதா? கொழுந்து கருகியதா? ஒன்றுமில்லையே! அந்த ஒரு சுற்றை முன்னமே தந்திருக்கக் கூடாதா? அந்த ஏக்கம் என்னைத் தின்கிறது. உங்களைத் திட்டவில்லை, தாங்க முடியாமல் சொல்கிறேன்.

தலைவர் ஐயா, தலைகுனியாதீங்க. இந்தாங்க பொன்னாடை, நீங்களே பத்திரமா வைச்சிருங்க. இன்னொரு குதிரை இந்தத் திடலுக்கு வந்து, அது இடப்பக்கம் சுற்ற நீங்களே வழிவிடும் நாளில், அதன் முதுகில் போர்த்துங்கள். புல் தந்த கைகளுக்கும் பொறுமையாகக் கேட்ட காதுகளுக்கும் என் நன்றி, வணக்கம்.