துண்டு போடாத பேச்சு

— பதில் போடலைன்னு கோவமா இருக்கேளா கவுண்டரே? அதை மொதல்ல சொல்லிடுங்கோ.

— கோவப்பட என்னங்க சாமி இருக்குது? மொதலமட ஸ்டேசன்ல இருந்து இந்த வெயில்ல நடந்தே வந்திருக்கறீங்க. சித்த இந்த மரத்தடியில உக்காருங்க. மருதாத்தா, சாமிக்கு ஒரு எளநி சீவு.

— ஏனுங்க, போயும் போயும் இந்த மரத்தடியிலயா?

— இங்கதான் நெழலு நல்லாருக்குது. நீ எளநிய எடு.

— எடுக்கறேன். லாரி வரும் லாரி வரும்னு நீங்க ரோட்டைப் பாத்துட்டு நின்னப்பெல்லாம் வராத சாமி, இப்பத்தான் வழி தெரிஞ்சு வந்திருக்காரு. சேதியச் சொல்லிப் போடுங்க அவருகிட்ட.

— மொதல்ல அவரு பேசட்டும். நம்ம சேதிக்கு என்ன அவசரம்?

— அம்மாவை ஒண்ணும் சொல்லாதேயுங்கோ. இந்த சாம்பசிவனை நிறுத்திக் கேக்க அவாளுக்கு அதிகாரம் உண்டு, கேட்டேளா. மாங்காய் எடுக்கற காலத்துலே கம்பெனி லாரி வரலைன்னா எந்த வீட்டிலேயும் கேக்கத்தான் செய்வா.

— எடுக்கற காலமெல்லாம் தாண்டிப் போச்சுங்க. கீழ பாருங்க. அழுகின பழத்தை மிதிக்காம நடக்க எடமிருக்குதா?

— பார்த்தேன். வாய்க்கால் தாண்டறச்சேயே வாசனை வந்துடுத்து.

— வாசனைங்கறீங்க பாருங்க. எங்களுக்கு அது நாத்தங்க. ஊட்டுக்குள்ள சோத்துல கை வெச்சா சோறு பூராவும் அந்த நாத்தம். ஈ மொய்ச்சு, மாடு கட்டுத்தறியில நிக்க மாட்டேங்குது.

— மேலே இன்னும் பாதிக்குப் பாதி நிக்கறதே?

— நிக்குதுங்க. ஒரு காத்தடிச்சா அதுவும் நிக்காது.

— வேற யாருக்காவது குடுத்திருக்கப்படாதா?

— ஆருக்குங்க? பொள்ளாச்சி மண்டிக்கு ஒரு வண்டி ஏத்திட்டுப் போனேன். சாக்கைப் பிரிச்சுப் பாக்கக்கூட இல்ல. இது கம்பெனிக் காயாச்சே, கம்பெனிக்கே கொண்டு போன்னு சிரிச்சுப் போட்டாங்க. நீங்க அதுக்கு வாயில நொழையாத பேரு ஒண்ணு சொன்னீங்க. ஊரு பூராவும் கம்பெனிக் காய்னுதான் சொல்லுது. மணமில்ல, ருசியில்ல. வெறுங் கூழு. மிசினுக்குன்னு வளத்ததை மனுசன் எப்படிங்க திம்பான்?

— கூழாக்கி டப்பாவிலே அடைக்கத்தானே கம்பெனி? கூழ்தான் அதோட குணமாக்கும்.

— அந்தக் கொணம் வேணுங்கறவன் ஒருத்தன்தானுங்களே சாமி. அவனும் வரல.

— மின்ன இந்தத் தோப்புல என்னென்ன இருந்துச்சுன்னு கேளுங்க சாமிகிட்ட. ஊறுகாய்க்கு ஒண்ணு, பழத்துக்கு ஒண்ணு, வத்தலுக்கு ஒண்ணு. ஒரு மரம் கையை விரிச்சா இன்னொண்ணு கை குடுக்கும். அத்தனையும் தலையை வெட்டிப் போட்டு அது மேல ஒரே காயை ஒட்டுக் கட்டினாங்க. அன்னிக்கே நான் சொன்னேன், கெணத்து மேட்டு மரத்தையாச்சும் உடுங்கன்னு. பொம்பளை பேச்சுன்னு போயிட்டாங்க.

— வெட்டச் சொன்னது நான்தான். மறுக்கலை அம்மா. எங்களுக்கு எத்தனை காய் காய்ச்சாலும் போறாது, தோப்பு முழுக்க ஒட்டுக் கட்டுங்கோன்னு இதே எடத்துலே நின்னு சொன்னேன். இந்த மரம்தானே மொதல் மரம் கவுண்டரே? நான் குச்சியைப் பிடிச்சுண்டேன், நீங்க வாழைநாரால கட்டினேள். நான் கண்ணை மூடிண்டேன்.

— மொத ஆடு வெட்டறவனாட்டம் கண்ணை மூடறீங்களேன்னு நான் சிரிச்சேன்.

— துளிர் வந்துடுத்துன்னு ஆள் அனுப்பினேளே! ஆபீஸ்லே லீவு சொல்லிட்டு ஓடி வந்தேன். ரெண்டு பேரும் சின்னப் பசங்களாட்டம் அந்தத் துளிரைச் சுத்திச் சுத்தி வந்தோம்.

— நெசமாவே சந்தோசமா இருந்தனுங்க அன்னிக்கு.

— பின்னே? அந்தப் பால் விஷயம் என்ன லேசா? காம்போட பறிச்சு, வைக்கோல்லே தலைகீழாக் கவுத்து, பால் வடிஞ்ச பிற்பாடு லாரி ஏத்தலாம்னு நீங்களும் நானும் சேர்ந்துதானே பண்ணிப் பார்த்தோம்? அதுக்கப்பறம் கம்பெனிப் பழத்துலே கறைங்கற பேச்சே இல்லை. பம்பாய்க்காராளை மேனேஜர் இங்கே கூட்டிண்டு வந்து காட்டினார். சென்னியப்பக் கவுண்டர் தோப்புன்னா அவாளுக்கெல்லாம் அவ்வளவு மதிப்பு.

— மதிப்பெல்லாம் நெம்ப இருந்துச்சுங்க. அடுத்த வருசமே அந்த வித்தையச் சேலத்துக்காரங்களுக்கும் சொல்லிக் குடுத்தாரு மேனேஜரு. அங்க கம்மியாக் கெடைக்குதுன்னு என்ர வெலையைக் கொறைச்சாரு. என்ர வித்தையை வெச்சே என்னையக் கட்டிப் போட்டாரு.

— அது வேண்டாம்னு நான் சொல்லிப் பார்த்தேன்.

— சொல்லியிருப்பீங்க. உங்களைக் குத்தஞ் சொல்லலை. யோசிச்சுப் பாத்தா சின்ன விசயந்தானுங்க. நான் உங்களுக்கு மட்டும் வித்தேன். நீங்க எங்கிட்ட மட்டும் வாங்கலை. அவ்வளவுதான். அதுக்கு மேல என்ன பேசினாலும் சோறு வேகாது.

— கவுண்டரே...

— வெலை ஏத்துங்கன்னு நான் ஒருக்காலும் மல்லுக்கு நின்னதில்லீங்க. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். வர்ற வருசமும் எடுப்பீங்கன்னு ஒரு வாக்கு. அது இருந்தா மரத்துக்கு எரு வெக்கலாம், கெணத்தை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கலாம். நம்பி எதுலயாவது கைவெக்கலாம்.

— கேட்டேள். ஒவ்வொரு வருஷமும் கேட்டேள்.

— பாக்கலாம் கவுண்டரே, பாக்கலாம். ஒவ்வொரு வருசமும் இதேதானுங்க பதிலு.

— நான் சொன்ன வார்த்தைதான். ஆனா சொல்லக் குடுத்தது மேனேஜராக்கும்.

— இந்த வருசம் அதையும் சொல்லக் காணோமே சாமி? எளநிய வாங்கிக்குங்க. துண்டு துண்டாப் பேசாம வெவரமாச் சொல்லுங்க. ஏன் வரலை?

— சொல்லிடறேன் அம்மா. மறைச்சு என்ன ஆகப்போறது. டீசல் விலை ஏறிடுத்து, சர்க்கரைக்குக் கண்ட்ரோல். மேனேஜர் ஒரு வழி கண்டுபிடிச்சார். ஆள் அனுப்பாதே, லாரி அனுப்பாதே, பதில் போடாதே. காய் முத்தட்டும். அந்தக் காயை அவன் வேற எங்கே கொண்டு போவான்? தானா எறங்கி வருவான்னார்.

— நான் கம்பெனி கேட்டுக்கே வந்தனுங்களே. வாச்மேனு உள்ள உடலை.

— தெரியும். மாடி ஜன்னல்லேர்ந்து பார்த்துண்டுதான் இருந்தேன்.

— பாத்தீங்களா?

— செருப்பைக் கழட்டிக் கையிலே வெச்சுண்டு நின்னேள்.

— ஆமாங்க. கழட்டித்தான் வெச்சிருந்தேன்.

— பாத்தும் எறங்கி வரலீங்களா சாமி? ரெண்டு படி எறங்கி, போயிட்டு வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த மனுசன் ஊட்டுக்கு வந்து அப்படிச் சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருப்பாருங்களா?

— எறங்கினா வேலை போயிடும் அம்மா. வீட்டிலே ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கறது. கல்பாத்தித் தெருவிலே வேலை போனவனோட பொண்ணை யார் கேட்டு வருவா? ஜன்னல் கம்பியைப் பிடிச்சுண்டு நின்னேன். அழக்கூட வரலை நேக்கு.

— உடு மருதாத்தா. அவரும் நம்மளாட்டம் கேட்டுக்கு வெளிய நிக்கற ஆளுதான். சம்பளம் வாங்கிட்டு நிக்கறாரு. சாமி, இத்தனை தூரம் வந்திருக்கறீங்க, என்ன சேதிங்க?

— அதுக்குத்தானே ஓடி வந்தேன்! கேளுங்கோ. சேலம் பக்கம் ஆலங்கட்டி மழை. காய் பூராப் போயிடுத்து. மிஷின் நின்னுடுத்து, டப்பா கூரை முட்ட அடுக்கியிருக்கு, கூலிக்காரா சும்மா உக்காந்திருக்கா. நேத்திக்கு மத்தியானம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். சாம்பசிவா, உன் கவுண்டர்கிட்டே போ, என்ன கேக்கறாரோ குடுன்னார்.

— என்ன கேட்டாலுங்களா?

— அவர் எறங்கினதும் நான் பிடிச்சுண்டேன், கேட்டேளா. இந்த வருஷம் மாத்திரம் போறாது சார், அந்த மனுஷர் இத்தனை நாளாக் கேக்கற வாக்கைக் குடுங்கோ, இல்லேன்னா நான் போகலைன்னேன். ஜன்மத்துலே மொதல் தடவையா மேனேஜர் எதிர்க்கச் சத்தம் போட்டேன். சம்மதிச்சுட்டார்! வர்ற வருஷம், அதுக்கடுத்த வருஷம், அதுக்கும் அடுத்தது. பழைய விலைக்குக் கொறையாம, இந்தத் தோப்போட ஒவ்வொரு காயும் எங்களுக்கு. நாளைக்குக் காலம்பற லாரி. ரயில்லே வர்றச்சே நேக்குத் தரையிலே கால் பாவலை கவுண்டரே. உங்க மூஞ்சியைப் பார்க்கணும்னு...

— மருதாத்தா, அழுவாத.

— அம்மா ஏன் அழறா? சந்தோஷத்துலேயா?

— சாமி, நீங்க மொத நாளு இங்க வந்தப்ப, வெலை பேசறதுக்கு நான் துண்டை எடுத்து உங்க கை மேல போட்டேன். நாபகம் இருக்குதுங்களா?

— இல்லாம என்ன? நான் உதறினேன். இதென்ன மாட்டுச் சந்தையா, துணிக்குள்ளே விரலைப் பிடிச்சுண்டு பேரம் பேச? நாலு பேர் கேக்க வாய்விட்டுப் பேசுவோம்னேன்.

— எனக்கு அது நெம்பப் புடிச்சுப் போச்சுங்க. படிச்சவரு, வெளிச்சத்துல பேசறாருன்னு துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டேன். ஆனா அந்தத் துண்டுக்கு ஒரு மொறை இருக்குதுங்க. உள்ள கை இருக்கற வரைக்கும் பேச்சு இருக்குது. எத்தனை நேரமானாலும் சரி, வாயே தெறக்காட்டியும் சரி. கையை உருவிட்டா பேச்சு முறிஞ்சுது. அப்பறம் அவனவன் வழி அவனவனுக்கு.

— சரி, அதுக்கும் இதுக்கும் என்ன?

— லாரி வரல. ஆளு வரல. பதிலு வரல. கேட்டுலயும் உள்ள உடலை. கம்பெனி கையை உருவிட்டுதுன்னு நெனைச்சனுங்க.

— ஐயய்யோ, அது உருவினதில்லை! விலை எறங்கறதுக்காகச் சும்மா இருந்தது. எல்லாக் கம்பெனியும் பண்றதாக்கும். எங்க ஆபீஸ்லே சும்மா இருக்கறதும் ஒரு பேச்சு.

— எங்களுக்கு அந்தப் பேச்சு தெரியாதுங்களே.

— என்ன பண்ணினேள் கவுண்டரே? யாருக்காவது காயைக் குடுத்துட்டேளா? குடுத்தா குடுத்தது. மேலே நிக்கறதை எடுத்துக்கறேன்.

— செங்கச் சூளைக்கு வெறகு எடுக்கற சின்னையன் நேத்துக் காத்தால வந்தானுங்க. துண்டைப் போட்டான். உள்ள கையைக் குடுத்தேன்.

— விறகா?

— காயை வெச்சு அவன் என்னங்க பண்ணுவான்? மரத்தைத்தான்.

— எந்த மரத்தை?

— தோப்பைங்க.

— கவுண்டரே!

— ஆருக்கும் வேண்டாத காயை எத்தனை வருசம் அள்ளிக் குழியில கொட்டறது? வெட்டிப் போட்டு நெலக்கடலை வெதைக்கலாம்னு பாத்தேன். அவன் தொட்ட மொத வெரலுக்கே சரின்னுட்டேன். பேரம் பேசத் தெம்பில்லீங்க.

— நேத்துக் காலம்பற... மேனேஜர் கூப்பிட்டது மத்தியானம். இருங்கோ, பதறாதேயுங்கோ. எழுத்து ஏதாவது உண்டா?

— எழுத்தெல்லாம் இல்லீங்க.

— சாட்சி?

— துண்டுக்குள்ள ஆருங்க சாட்சி?

— பின்னே என்ன? சின்னையனுக்கு என்ன வேணுமோ கம்பெனி குடுக்கும். அவன் ஒத்துக்கலைன்னா பேசவே இல்லைன்னு சொல்லிடுங்கோ. யாரும் பார்க்கலை, யாரும் கேக்கலை!

— ஆரும் பாக்கலீங்க. அதனாலதானுங்க இல்லைன்னு சொல்ல முடியாது.

— நீங்க சொன்னதையேதாஞ் சாமி நேத்துல இருந்து நானும் கத்தறேன். கால்ல உழுந்து பாத்துட்டேன். புடிச்ச வெரலை உட்டவன்னு பேரெடுத்துட்டா அப்பறம் இந்தப் பக்கம் ஒரு கன்னுக்குட்டி வாங்கப் போனாக்கூட எவனும் துண்டு போட மாட்டாங்கறாரு. சின்னையன் ஊட்டுக்கே போயி நானும் கேட்டேன். அவன் அங்க சூளைக்காரனுக்குக் கை குடுத்துட்டானாமா.

— நானும்தானே உங்களுக்கு வாக்குக் குடுத்தேன் கவுண்டரே? எங்களுக்கு எவ்வளவு காய்ச்சாலும் போறாதுன்னு, வாய்விட்டு, வெளிச்சத்துலே...

— குடுத்தீங்க. நாலு பேரும் கேட்டாங்க. கேட்டு என்னங்க ஆச்சு?

— நேக்கு ஒண்ணும் ஓடலையே. மேனேஜர்ட்ட போயி என்னன்னு சொல்லுவேன்?

— சும்மா இருங்க. அதுவும் பேச்சுதான்னீங்களே.

— ஒரு நாள், ஒரே ஒரு நாள் தள்ளச் சொல்லுங்கோ. மேலே நிக்கற காயையாவது எடுத்துக்கறோம். அதோ, வாய்க்கால் மேட்டுலே ஆள்கள் வராளே. தோள்லே நீளமா... தொரட்டியா? பறிக்கற ஆளா?

— பறிக்கற ஆளுங்க இல்லைங்க சாமி. தோள்ல இருக்கறது கோடாலி.

— இன்னிக்கேவா?

— மருதாத்தா, நீ ஊட்டுக்குள்ள போயிரு. சத்தம் கேக்காத பக்கமாப் போயி உக்காரு. சாமி, எளநியக் குடிச்சாச்சுங்களா? அப்ப சித்த எந்திரிச்சு அக்கட்டால நில்லுங்க. நீங்க குச்சி புடிக்க நான் நாருக் கட்டின இந்த மரத்துல இருந்துதானுங்க தொடங்கச் சொல்லியிருக்கறேன்.