நான்காம் நிலை அரிப்பு

எலுமிச்சங்காய் ஊறுகாய்க்கு ஊட்டி வெயில் போதாது. காந்தல் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் ஜாடியை அடுப்புக்கு மேலே உள்ள பலகையில்தான் வைப்பேன். நீங்கள் கேட்டது இது அல்ல என்று தெரியும், ஐயா. ஆனால் இங்கிருந்து தொடங்கினால்தான் விளங்கும்.

என் பெயர் ஹன்னா. குன்னூர் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். நோயாளிகளின் இடுப்பிலிருந்து கழற்றிய உலோக மூட்டுகள் எங்களுக்கு வரும். கழுவி, கிருமி நீக்கி, எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எவ்வளவு அரித்திருக்கிறது என்று பார்ப்போம். மூட்டின் தலையில் உள்ள குண்டுக்கு அடியில் ஒரு குழி இருக்கும். தண்டு அதற்குள்தான் செருகியிருக்கும். கறுப்பு படிவது அங்கேதான். அதைப் பார்த்து ஒன்று முதல் நான்கு வரை நிலை போட வேண்டும். முதலில் நானும் ஃபாரூக்கும் தனித்தனியாகப் போடுவோம். பிறகு ஒத்துப்போக வேண்டும்.

ஃபாரூக் நல்ல மனிதர். நிலை போடுவதில் மட்டும் கருமி.

ஜனவரியில் வந்த ஒரு குண்டுக்கு நான் நான்கு போட்டேன். அவர் இரண்டு போட்டார்.

"அக்கா, இது வெறும் கறைங்க. அரிப்பே இல்லீங்க" என்றார்.

நான்கு என்றால் அதே கம்பெனி மூட்டு வைத்திருக்கும் எல்லாரையும் கூப்பிட்டுச் சோதிக்க வேண்டும். இரண்டு என்றால் அலமாரிக்குள் போய்விடும். ஒரு மாதம் கழித்து மறுபடியும் பாருங்கள் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

எனக்குச் சந்தேகமே இல்லை. குண்டிடம்தான் போதிய சான்று இல்லை. கொஞ்சம் உதவலாம் என்று நினைத்தேன். சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து ஊறுகாய் ஜாடிக்குள் இறக்கினேன். உப்பு, புளிப்பு, அடுப்புச் சூடு. மனித உடம்பு மட்டும் வேறு என்ன?

மூன்றாவது வாரம் நான் வேலைக்குப் போயிருந்தபோது, என் கணவர் ஜெஃப்ரி அந்த ஜாடியை எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் கொடுத்துவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தார். ஜாபேஸ் ஐயா அதை ஏலத்தில் எடுத்துவிட்டார். அவர் எங்கள் பாடகர் குழுத் தலைவர். இருபது வருடமாக என்னைப் பின்வரிசையில் நிற்க வைத்திருப்பவர். அவருடைய வலது இடுப்பில் இருப்பதும் அதே கம்பெனி மூட்டு. இவற்றுக்கெல்லாம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் வீட்டுக்கு வந்தார். கைக்குட்டையில் குண்டு இருந்தது.

"ஏனுங்க ஹன்னாம்மா, ஊறுகாய்க்குள்ள இது கெடந்துச்சுங்க."

"காய் மேலே மிதக்காம இருக்கறதுக்குப் போடறதுங்க ஐயா."

"அப்படீங்களா. மேல இருந்த மசாலாவ வீணாக்க வேண்டாம்னு நக்கிப் பாத்தேனுங்க. உப்பு நல்லாப் புடிச்சிருக்கு."

நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அந்தக் குண்டு மஞ்சூர்க்காரர் ஒருவருக்குள் பதினோரு வருடம் இருந்தது என்று சொல்லியிருக்கலாம். ஜாபேஸ் ஐயா அப்போது காபி குடித்துக்கொண்டிருந்தார்.

மாதம் முடிந்ததும் குண்டைக் கழுவிக் கூடத்துக்குக் கொண்டுபோனேன். குழிக்குள் இப்போது நல்ல கறுப்பு. ஃபாரூக் வெகுநேரம் பார்த்தார்.

"பெருங்காய வாசம் வருதுங்க அக்கா."

"புது சோப்புங்க" என்றேன்.

நான்கு என்று கையெழுத்துப் போட்டார். மலையில் பத்தொன்பது பேருக்குக் கடிதம் போயிற்று. எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அடுத்த சோதனை வரைக்கும் அதிகம் நிற்க வேண்டாம், மேடு ஏற வேண்டாம் என்று ஜாபேஸ் ஐயாவிடம் டாக்டர் சொன்னார். எங்கள் சபைக் கோயிலோ மேட்டின் மேல் இருக்கிறது. பாடகர் குழுவை நடத்த ஆள் வேண்டியிருந்தது. நான் மறுக்கவில்லை. முன்னால் நின்று பார்த்தால் கோயில் எவ்வளவு அகலம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அவர் மிகவும் பயந்துவிட்டார். கட்டிலில் உட்கார்ந்தபடியே தான் இறந்தால் நடக்கும் அடக்க ஆராதனைக்கு ஐந்து பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து, என்னைக் கூப்பிட்டு, "நீங்கதான் சொல்லிக் குடுக்கோணும்" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கவலைப்படாதீர்கள், நன்றாகச் செய்துவிடலாம் என்று தேற்றினேன்.

பிறகு அறிக்கைக்குப் படம் எடுக்கக் குண்டைத் திருப்பிய ஃபாரூக், குழியின் ஓரத்தில் ஒரு கடுகைக் கண்டார். படிவத்தில் 'கடுகு, ஒன்று' என்று எழுதினார். மிகையாக எதையும் எழுதமாட்டார். அதனால்தான் இந்த விசாரணைக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. பத்தொன்பது பேரும் நலம். ஜாபேஸ் ஐயாவின் இடுப்பில் ஒரு கீறல்கூட இல்லை என்று போன வாரம் தெரிந்தது. சந்தோஷம்தான். ஐந்து பாட்டையும் நாலு குரலில் அவ்வளவு அருமையாகப் பழக்கி வைத்திருந்தேனே என்ற சின்ன வருத்தம் மட்டும் இருக்கிறது, ஐயா.